முப்பத்து மூன்றாவது வள்ளம்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரான குருநகரில் திரேசா அக்கா ஒரு நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறார். அவருடைய கணவர் யோசேப்பு அண்ணையின் வள்ளம் கடலில் நின்றுபோய், ஆட்கள் அவரைத் தேடி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து ஒரு வருடம் ஆகிறது. பூசைக் கருத்தை வாசிக்கும்போது தேடப் போன ஆறு பேரின் பெயர்களுக்குப் பிறகு ஏழாவதாக என் பெயரையும் வாசித்தார்களாம். "நோர்வேயில் இருக்கிற றெஜினா" என்று சுவாமியார் கொஞ்சம் நிறுத்தி வாசித்தாராம். இதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு என் சிநேகிதி ஜெசி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அவரைத் தேடப் போனவள் அல்ல. தொலைத்தவள்.

ஊரில் இந்தக் கதை இப்போது இரண்டு மூன்று விதமாக உலாவுகிறதாம். நோர்வேயிலிருந்து ஒருத்தி கொம்பியூட்டரில் பார்த்து வள்ளம் நிற்கிற இடத்தைச் சொன்னாள் என்பது அதில் ஒன்று. அது முழுப் பொய். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். எனக்கு நல்ல பெயர் தராத கதைதான். ஆனாலும் இதில் வருகிற எல்லோர்மீதும் எனக்கு அன்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

2

நான் நோர்வேயில் பேர்கனுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். கப்பல்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது: நாங்கள் எழுதும் கட்டளை கணினிக்கு நேரே விளங்காது. நடுவில் ஒருவன் இருந்து வரிவரியாக வாசித்து, இதைக் கூட்டு, இதை எழுது, அங்கே போ என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அந்த நடுவாளுக்குப் பெயர் இன்ரப்பிரிற்றர். அவனுடைய வயிற்றுக்குள் என்ன நடக்கிறது, எங்கே வலிக்கிறது என்று பார்ப்பது என் தொழில்.

வந்த புதிதில் இந்தத் தொழிலால் ஒரு கூத்து நடந்தது. நகரசபைப் படிவம் ஒன்றில் என்ன வேலை என்று கேட்டிருந்தார்கள். என் அரைகுறை நோர்வேஜியத்தில் "தொல்க்" வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மொழியில் இந்தக் கணினி நடுவாளுக்கும், பேச்சை மொழிபெயர்க்கும் மனிதருக்கும் ஒரே சொல். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு தமிழ் நோயாளிக்கு மொழிபெயர்க்கவேண்டுமாம். அரசாங்கக் கடிதத்துக்குப் பயந்து போனேன். அச்சுவேலியைச் சேர்ந்த வயதான ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"சொல்லு பிள்ளை, ஏறி இறங்கேக்கை கடுகடுக்குதாம் எண்டு."

கடுகடுப்புக்கு நோர்வேஜியத்தில் என்ன சொல் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் முழங்காலைத் தொட்டு, முகத்தைச் சுழித்து, பல்லைக் கடித்துக் காட்டினேன். வைத்தியர் தலையாட்டி எழுதிக்கொண்டார். "கெட்டிக்காரி" என்றார் அச்சுவேலி ஐயா. அந்தப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க மூன்று படிவம் நிரப்பவேண்டியிருந்தது.

வேலைத்தலத்தில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும் நாலு பேர் பார்த்து ஓமென்று சொல்லவேண்டும். யாரையும் கேட்காமல், என் விருப்பத்துக்கு ஒன்று செய்யவேண்டும் என்ற ஆசை எனக்குக் கனகாலம் இருந்தது. ஏழு வருடங்களுக்கு முன் சனி ஞாயிறுகளில் வீட்டுக் குசினி மேசையில் இருந்து அதைத் தொடங்கினேன். தமிழிலேயே நிரல் எழுதக்கூடிய ஒரு சின்ன மொழி, அதை ஓட்ட ஓர் இன்ரப்பிரிற்றர். சொற்களை நான் பேசுகிற தமிழில் வைத்தேன். நிபந்தனைக்கு 'எண்டால்'. பிழை வந்தால், "பன்னிரண்டாம் வரி எனக்கு விளங்கேல்லை, வடிவாப் பார்" என்று திரையில் வரும். முதல் மாதங்களில் அது முன்னுக்குப் போகச் சொன்னால் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒன்பது வயதான என் மகள் அனிற்றா அதற்கு நண்டு என்று பெயர் வைத்தாள். அவள் தானாகத் தேடி எடுத்த கடைசித் தமிழ்ச் சொல் அதுவாகத்தான் இருக்கும். இப்போது அவளுக்குப் பதினாறு. நான் தமிழில் கேட்கிறேன், அவள் நோர்வேஜியத்தில் பதில் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் இப்போது அது பழகிவிட்டது.

3

நண்டை உலகத்தில் பாவித்தவர்கள் இரண்டே பேர். நான் ஒன்று, ஜெசி மற்றது.

ஜெசிந்தாவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து கணிதம் படித்தவர்கள். என்னைவிட அவள் திறம். நான் வெளியே வந்தேன், அவள் ஊரில் நின்றாள், அவ்வளவுதான் வித்தியாசம். கரையில் உள்ள ஒரு சிறு கடற்றொழிலாளர் சங்கத்தில் அவள் எழுதுவினைஞர். பின்னேரம் தொழிலுக்குப் போகிற வள்ளங்களைப் பதிவதும், காலையில் திரும்பி வருகிறவற்றைப் பதிவதும் அவளுடைய வேலைகளில் ஒன்று. நெடுங்காலம் அதை ஒரு கொப்பியில் எழுதிவந்தாள்.

நான் விளையாட்டாக நண்டைப் பற்றிச் சொன்னபோது, "எனக்கும் அனுப்பு பாப்பம்" என்றாள். ஒரு மாதத்தில், என்னிடம் எதுவும் கேட்காமல், வள்ளப் பதிவுக்கு நாற்பது வரியில் ஒரு நிரல் எழுதிவிட்டாள். பின்னேரம் வெளிக்கிடுகிற வள்ளத்தின் பெயரை அடித்தால் அது பட்டியலில் சேரும். காலையில் வந்த வள்ளத்தின் பெயரை அடித்தால் அந்தப் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும். ஒன்றும் மிச்சமில்லை என்றால் திரையில் "எல்லாரும் வந்தாச்சு" என்று வரும்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வேலைத்தலத்தில் நான் பராமரிக்கிறதை ஆயிரம் கப்பல்கள் பாவிக்கலாம், எனக்கு ஒரு கப்பற்காரனையும் தெரியாது. இது எங்கள் கரை. அந்த வள்ளங்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். கொஞ்சக் காலம் கொப்பியிலும் திரையிலும் இரண்டிலும் பதிந்துவந்த ஜெசி, இரண்டும் ஒத்துப்போவதைப் பார்த்துக் கொப்பியை நிறுத்திவிட்டாள். நிறுத்தட்டோ என்று என்னைக் கேட்டாள். "ஓம், பயப்பிடாமல் நிப்பாட்டு" என்று சொன்னது நான்தான்.

4

அன்றைக்குப் பேர்கனில் காலை எட்டு மணி. அனிற்றாவும் நானும் நகரத் தொடருந்தில் இருந்தோம். அவள் பள்ளிக்கூடத்துக்கு, நான் வேலைக்கு. வழக்கம்போல மழை. ஜெசி அழைத்தாள். அந்த நேரத்தில் அவள் என்னை அழைப்பதில்லை.

"றெஜி, யோசேப்பு அண்ணையின்ரை வள்ளத்தைக் காணேல்லை."

"எப்ப இருந்து?"

"அதுதான் தெரியேல்லை. காலமை பத்து மணிக்கு எல்லாரும் வந்தாச்சு எண்டு உன்ரை நண்டு சொல்லிப்போட்டுது. நானும் என்ரை மேசையைப் பூட்டிப்போட்டு வீட்டை போட்டன். பதினொரு மணிக்குத் திரேசா அக்கா சங்கத்துக்கு வந்திருக்கிறா, இவர் இன்னும் வரேல்லையெண்டு. செயலாளர் திரையைப் பாத்திட்டு, வந்திட்டார் அக்கா, சந்தைப் பக்கம் போயிருப்பார் எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறார். அவ சந்தைக்குப் போய்த் தேடி, திரும்பிச் சங்கத்துக்கு வந்து, பேந்து என்ரை வீட்டை வந்து... இப்ப பன்னிரண்டரை. இப்பதான் வள்ளங்கள் தேட வெளிக்கிடுகுது."

யோசேப்பு அண்ணைக்கு அறுபது வயதுக்கு மேல். அவரோடு போனது அவருடைய மருமகன் றொபின். வள்ளத்தின் பெயர் வியாகுல மாதா.

"நேற்று அதைப் பதிஞ்சனியோ?" என்று கேட்டேன்.

"பதிஞ்சனான். ஆனா றெஜி, ஒண்டு சொல்லட்டோ? நேற்றுப் பின்னேரம் கடைசியாப் பாக்கேக்கை பட்டியலிலை செபமாலை எண்ட வள்ளம் ரெண்டு தரம் கிடந்தமாதிரி ஒரு ஞாபகம்."

இந்த இடத்தில் நான் சொன்னதைத்தான் இன்னும் திருப்பி விழுங்கமுடியாமல் இருக்கிறது.

"அப்ப நீதான் செபமாலையை ரெண்டு தரம் அடிச்சிருப்பாய். வியாகுல மாதாவை அடிக்க மறந்திருப்பாய்."



"நான் மறக்கேல்லை, றெஜி" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த அனிற்றா என் முகத்தைப் பார்த்துப் பயந்து, தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தாள். என் கணவர் சேவியர் பேர்கனில் பஸ் ஓட்டுகிறார். அவர் அப்போது ஓய்வு நேரத்தில் நின்றிருக்கவேண்டும். மகள் தமிழில் சொன்னாள், பாவம், இது தமிழ் விசயம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது:

"அப்பா, யோசேப்பு மாமா காணாதாம்."

"ஆருக்கு மோனை காணாது?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

ஆளைக் காணேல்லை என்பதற்கும், போதாது என்ற பொருளில் வருகிற காணாது என்பதற்கும் உள்ள தூரத்தை அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில்லை. தொலைபேசியை வாங்கி விசயத்தைச் சொன்னேன். அவர் "மாதாவே" என்றார். அனிற்றா இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் என்னோடு இன்னும் மூன்று நிறுத்தம் வந்தாள்.

வேலைத்தலத்தில் அன்று காலை ஒரு கூட்டம். யாரோ எதையோ திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மேசைக்குக் கீழே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பேர்கன் நேரம் பதினொரு மணிக்கு ஜெசி இரண்டு சொல் அனுப்பினாள். "கிடைச்சிட்டினம். உயிரோடை."

மூன்று வள்ளங்களில் ஆறு பேர் போயிருக்கிறார்கள். மண்டைதீவுக்கு அப்பால் நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோன பக்கத்தில் கண்டிருக்கிறார்கள். விடியப்புறம் எஞ்சின் நின்றுவிட்டதாம். தொலைபேசி நனைந்துவிட்டதாம். கொண்டுபோன தண்ணீர் முடிந்து, வெயிலில் இரண்டு பேரும் உதடு வெடித்துக் கிடந்தார்களாம். றொபினை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

5

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிழை வந்ததும் முதலில் பாவித்தவரைச் சந்தேகிப்பது. என்ன அடித்தாய், எதை அமத்தினாய், வடிவாகப் பார்த்தாயா என்று கேட்பது. பத்தில் ஒன்பது தரம் அது சரியாகவும் இருக்கும். அந்த ஒன்பதும் தருகிற திமிர்தான் பத்தாவது தரத்தில் ஆளைக் கெடுக்கிறது.

அந்தக் கிழமை முழுவதும் நான் நண்டைச் சோதித்தேன். பத்து வள்ளம் போட்டேன், பத்தும் வந்தன. பெயரை மாற்றிப் போட்டேன், வந்தன. எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. ஜெசிக்கு எழுதினேன்: "எல்லாம் பாத்தன், இஞ்சை பிழை ஒண்டும் இல்லை."

அவள் பதில் எழுதவில்லை. சங்கத்தில் அவளைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. வெளிநாட்டில் இருக்கிற பெரிய இஞ்சினியரே பிழையில்லை என்று சொல்லிவிட்டாராம், அப்போ பதிந்தவருடைய கவலையீனம்தானே என்று செயலாளர் கேட்டாராம். கரையில் பெண்கள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் விட்டார்களாம். இருபது வருடம் ஒரு பெயர் தவறாமல் கொப்பி எழுதியவள்.

ஐந்தாம் நாள் அவளிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, புதிய கொப்பி ஒன்றின் முதல் பக்கம். அவளுடைய உருண்டை எழுத்தில், வெளிக்கிட்ட ஒழுங்கில் வள்ளங்களின் பெயர்கள், பக்கத்தில் இலக்கம். மற்றது, அதே நேரத்துத் திரை. ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த நாளும் இரண்டு படம். அதற்கடுத்த நாளும். பன்னிரண்டு நாள் இப்படி வந்தன. நான் நன்றி என்று எழுதினேன், என்னடி கோபமா என்று எழுதினேன். படங்கள் மட்டும் வந்தன.

படங்கள் வரத் தொடங்கிய ஏழாம் நாள் ஒன்று தட்டுப்பட்டது. கொப்பியில் முப்பத்து மூன்றாவதாக 'கடலரசி', முப்பத்து நான்காவதாக 'ஆரோக்கியம்'. திரையில் இரண்டு இடத்திலும் ஆரோக்கியம். கடலரசி இல்லை. பத்தாம் நாள் மறுபடியும். வேறு வள்ளங்கள், ஆனால் அதே முப்பத்து மூன்றாவது இடம். முப்பத்திரண்டுக்கு உள்ளே போன நாட்களில் ஒரு பிழையும் இல்லை. கடல் கொஞ்சநாள் குழம்பிக் கிடந்து வெளித்ததும் எல்லோரும் ஒரேயடியாக வெளிக்கிடுகிற நாட்களில்தான் வருகிறது. கொப்பிப் பக்கத்தின் ஓரத்தில், முப்பத்து மூன்றுக்கு நேரே, அவள் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தாள். அவள் எனக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டாள்.

முப்பத்திரண்டு என்ற இலக்கத்தை நண்டின் வயிற்றுக்குள் வைத்தது நான்.

6

பிழை இதுதான். முடிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன், விளங்காவிட்டால் ஒரு பந்தி தாண்டிப் போகலாம்.

பட்டியல் என்றால் கணினியின் நினைவகத்தில் பெயர்களை வைக்க ஓர் இடம். முப்பத்திரண்டு பெயர் நிறைந்ததும், முப்பத்து மூன்றாவதை வைக்க இன்னும் பெரிய இடம் வேண்டும். நண்டு போய்ப் பெரிய இடம் கேட்கும். கேட்கிற நேரத்தில் நினைவகம் நிரம்பிக்கொண்டு வந்தால், முதலில் குப்பை அள்ளுகிற பகுதி இறங்கும். ஒருவரும் பாவிக்காமல் கிடக்கிறதை அள்ளி இடம் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. எது குப்பை, எது குப்பையில்லை என்று அதற்கு எப்படித் தெரியும்? எங்காவது ஒரு பட்டியலிலோ பெயரிலோ கட்டியிருந்தால் வேண்டிய சாமான். ஒன்றிலும் கட்டாமல் கிடந்தால் குப்பை. இப்போது அந்த முப்பத்து மூன்றாவது பெயரைப் பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நண்டு இடம் கேட்கப் போனது. இன்னும் பட்டியலில் கட்டவில்லை. குப்பை அள்ளுகிறது வந்து அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. வெறுமையான அந்த இடத்தில் அடுத்த வள்ளத்தின் பெயர் வந்து குந்திவிட்டது. காலையில் அந்த அடுத்த வள்ளம் வந்ததும் இரண்டு பெயரும் ஒன்றாக அழிந்தன. வியாகுல மாதா கடலில் நின்றது. பட்டியலில் இல்லை.

பத்து வள்ளத்தோடு சோதித்த எனக்கு இது எப்படித் தெரியவரும்? அதைவிட வெட்கம் என்னவென்றால், வேலைத்தலத்தில் இந்த மாதிரிப் பிழையைப் பிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் குப்பை அள்ளவிட்டுப் பார்ப்பது. எங்காவது கட்டாமல் விட்டிருந்தால் உடனே அகப்படும். நண்டுக்கு அதைச் செய்யாமல் பஞ்சியில், சோம்பலில் விட்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை குசினி மேசையில் இருந்து அதைச் செய்து, ஜெசியின் கொப்பியில் இருந்த பெயர்களை அதே ஒழுங்கில் கொடுத்தேன். பட்டியல் வளரவேண்டிய முதல் இடத்திலேயே நண்டு பெயரைத் தின்றது. திருத்தம் ஒரே ஒரு வரி. கையில் இருப்பதைக் கட்டிவிட்டுப் பிறகு இடம் கேள்.

ஜெசிக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுப்பாளோ என்று பயமாக இருந்தது. எடுத்தாள்.

"ஜெசி, பிழை என்ரை."

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"நான் ரெண்டு தரம் அடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும் தானே."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் விளக்கினேன். கையில் இருந்தது, இடம் கேட்கப் போனது, அள்ளினது, எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டாள், இரண்டும் சரியான கேள்விகள். கடைசியில் சொன்னாள்:

"அண்டைக்கே, செபமாலை ஏன் ரெண்டு தரம் வந்தது எண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தியெண்டால், நான் அப்பவே ஒழுங்கைச் சொல்லியிருப்பன். நீ கேக்கேல்லை. நீ முடிவு சொன்னனீ."

"ஓம்."

"சரி விடு. செயலாளருக்கு ஒரு கடிதம் எழுது. தமிழிலை எழுது. வடிவா எழுது."

எழுதினேன். என் பெயர், என் தொழில், என் பிழை, ஜெசிந்தாவிடம் எள்ளளவும் பிழையில்லை என்று. சங்கத்தின் அறிவித்தல் பலகையில் அதை இரண்டு மாதம் ஒட்டி வைத்திருந்தார்களாம். நான் எழுதியதில் அதிகம் பேர் வாசித்தது அதுவாகத்தான் இருக்கும்.

7

ஆவணியில் ஊருக்குப் போனேன். நோர்வே கடவுச்சீட்டோடு சொந்த ஊருக்குப் போக இணையத்தில் அனுமதி எடுக்கவேண்டும். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டார்கள். சுற்றுலா, வியாபாரம், வழிப்பயணம். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்களுக்குப் பெட்டி இல்லை. சுற்றுலா என்று போட்டேன். அனிற்றா வரவில்லை. அவளுக்குச் சிநேகிதிகளோடு மலையில் முகாம். "நான் வரேல்லை அம்மா, நீங்கள் போட்டு வாங்கோ" என்று ஒரு பிழையும் இல்லாத தமிழில் சொன்னாள்.

ஜெசிதான் திரேசா அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். யோசேப்பு அண்ணை முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஊசியை வைத்துவிட்டு எழும்பினார்.

"நீயோ பிள்ளை என்னைக் குப்பையெண்டு அள்ளினது?"

ஜெசி அவருக்கும் விளக்கம் சொல்லி வைத்திருக்கிறாள். அவரே மனைவியைக் காட்டிச் சிரித்தார். "இவள் முப்பத்தஞ்சு வரிசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உனக்கு இப்பதான் விளங்கியிருக்கு."

திரேசா அக்கா சிரிக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"பிள்ளை, உன்னிலை எனக்குக் கோவம் இல்லை. நீ எங்கையோ இருக்கிறாய். மெசின் எண்டால் பழுதாகும், இவரின்ரை எஞ்சினும்தானே நிண்டது. எனக்கு நெஞ்சிலை நிக்கிறது வேறை ஒண்டு."

"சொல்லுங்கோ அக்கா."

"நான் போய்ச் சொன்னன், என்ரை மனிசன் வரேல்லையெண்டு. அவையள் உந்தப் பெட்டியைப் பாத்தினம். திரும்பச் சொன்னன். திரும்பவும் பெட்டியைத்தான் பாத்தினம். என்ரை முகத்தை ஒருத்தரும் பாக்கேல்லை. ஒண்டரை மணித்தியாலம். அவர் அங்கை தண்ணியில்லாமல் கிடக்கிறார், நான் இஞ்சை வந்திட்டார் வந்திட்டார் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

யோசேப்பு அண்ணை குனிந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கொண்டுபோன மன்னிப்பெல்லாம் அந்த ஒரு வரி நிரலுக்கானது. இதற்கு நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

"நான் என்ன செய்யோணும் அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. ஆனா வீட்டுக்காரர் வரேல்லையெண்டால் வரேல்லைத்தான். அதை உந்தப் பெட்டி கேக்குமோ?"

ஜெசியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று பின்னேரமே சங்கத்தில் போய் இருந்தோம். நான் கதிரையை அவளுக்கு விட்டேன். அவளே எழுதினாள். வள்ளம் கரைக்கு வந்தது என்று பதிந்தாலும் இனிப் பெயர் பட்டியலை விட்டுப் போகாது. பக்கத்தில் ஒரு அடையாளத்தோடு நிற்கும். அந்த வீட்டிலிருந்து ஒருவர், நேரிலோ தொலைபேசியிலோ, ஆள் வந்துவிட்டார் என்று சொன்னால்தான் போகும். அதற்கு அவள் எழுதிய வரி இது: 'வீடு ஓம் எண்டால் எடு.'

எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் அவ்வளவு நல்ல வரியை நான் பார்த்ததில்லை.

"முப்பது வீட்டுக்கு ஆர் எடுத்துக் கேக்கிறது? எனக்கு வேறை வேலை இல்லையோ?" என்றாள் ஜெசி எழுதி முடித்துவிட்டு.

வாசலில் நின்ற திரேசா அக்கா சொன்னார்: "நான் கேக்கிறன்."

8

இப்போது பேர்கனில் என் காலைகள் முன்னைப் போலத்தான். மழை, தொடருந்து, கூட்டம். ஒரு புதிய விசயம் மட்டும் உண்டு. முப்பத்திரண்டுக்கு மேல் வள்ளம் போன நாட்களில் திரேசா அக்கா எனக்குத் தொலைபேசியில் குரல் பதிந்து அனுப்புகிறார். ஜெசி சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"பிள்ளை, முப்பத்தேழு போனது. முப்பத்தேழும் வந்திட்டுது. நான் வீடு வீடாக் கேட்டனான். உன்ரை நண்டு இண்டைக்கு ஒண்டையும் தின்னேல்லை."

வேலைத்தலத்தில் என் நிரலைப் பார்த்து ஒப்புதல் தருகிற நாலு பேரைவிட எனக்கு இவரிடம்தான் பயம்.

இன்று காலை அவர் நேரடியாகவே எடுத்தார். அனிற்றாவும் நானும் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கும் கேட்கத் தொலைபேசியின் சத்தத்தைத் திறந்து வைத்தேன். கரைக் காற்று இரைந்தது.

"முப்பத்தாறு போனது பிள்ளை. முப்பத்தஞ்சு வந்திட்டுது."

"மற்றது?"

"மற்றது எங்கடையாள். உதிலை வாறார், எனக்குத் தெரியுது."

"அப்ப சரி அக்கா. ஜெசியிட்டைச் சொல்லிப் பட்டியலிலை இருந்து பெயரை எடுப்பியுங்கோ."

"அதென்னெண்டு? தெரியுறது வேறை, வாறது வேறை. கரை தட்டட்டும். நில்லு."

நின்றேன். அனிற்றா சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமல் கதவடியில் அப்படியே நின்றாள். நேரமாகிறது என்று அவள் சொல்லவில்லை. முதலில் காற்று மட்டும். பிறகு தூரத்தில் எஞ்சின் சத்தம். அது கிட்ட வந்தது, குறைந்தது, நின்றது. யாரோ கயிறு கேட்டார்கள். திரேசா அக்கா கணவரை, இவ்வளவு நேரம் என்ன செய்தனீ என்று ஏசுகிற சத்தம் கேட்டது. பிறகு தொலைபேசிக்குக் கிட்ட வந்தார்.

"ஓம்" என்றார்.